நிரந்தர வாச உரிமையும் முதற் பிரயாணமும்

(ஓசூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெரியோர்களுக்குச் சற்று நூதனமாகத் தோன்றலாம். நம் பிள்ளைகளிற் பலர் இப்போது கனடா முதலிய தேசங்களில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையை விண்ணப்பித்துப் பெறுகிறார்கள். உரிமை கிடைத்தவுடன் குடும்பத்தோடு போய்க் குடியேறிவிடுவார் சிலர். பெரும்பாலோரோ முதலில் பத்து நாளோ பதினைந்து நாளோ போய், அத்தேசத்து மண்ணை மிதித்து, உரிமையை ஊர்ஜிதம் செய்துகொண்டு திரும்பி வந்து, இங்குள்ள காரியங்களை முடித்தபின் மறுபடியும் செல்கிறார்கள். இதனை நம் வாலிபர்கள் 'சாஃப்ட் லாண்டிங்' என்று வழங்குகிறார்கள். இம்முதற் பிரயாணம் சிறியதேயாயினும் அதில் நேரும் பிசகுகள் சிறியன அல்ல. கணவனை மனைவியினின்று வருஷக்கணக்கில் பிரிக்கத்தக்க பிசகும் அதில் உண்டு. ஆதலின் இவ்விஷயத்தைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நாம் வாழும் இவ்வூர் போக்குவரவுக்குப் புதியதன்று. 1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியார் வசமாயிற்று. 1799-ல் திப்பு சுல்தான் மடிந்தபின் ஓசூர்ச் சீமையும் அவர்கள் வசமாயிற்று. பிற்பாடு சேலம் ஜில்லாவிலும், 1965 முதல் தருமபுரி ஜில்லாவிலும், 2004 முதல் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் இருந்து வருகிறோம். நாம் வீடு மாறாமலே நம் எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீதியிற் கேட்கும் ஊர் இது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ வந்தவர்களுக்கு இவ்வூர் பிழைப்பளித்தது. அத்தொழிற்சாலைகளிலும், எல்லைக்கு அப்பாலுள்ள எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பழகிய நம் பிள்ளைகள் இப்போது கடல் கடக்கின்றனர். வந்தாரை ஏற்ற ஊர், செல்வாரை வழியனுப்பும் ஊராகவும் ஆயிற்று.

கனடாவின் கதவு நமக்கு எப்போதும் திறந்திருந்ததன்று என்பதையும் வாலிபர்கள் அறிய வேண்டும். பிறந்த தேசத்திலிருந்து வழியில் இறங்காமல் நேரே வந்தவரையே ஏற்போம் என்று 1908-ல் அத்தேசத்தார் விதி செய்தனர். இந்தியாவிலிருந்து நேரே செல்லும் கப்பல் வசதி இல்லாமையால் அது நம்மவரைத் தடுக்கும் விதியே ஆயிற்று. 1914-ல் 376 பிரயாணிகளுடன் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த கோமகாட்டா மாரு என்னும் கப்பல் இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தப்பட்டது. மிகச் சிலரை மட்டும் இறங்கவிட்டு மற்றையோரைத் திருப்பியனுப்பினர். கல்வி, வயது, தொழில், பாஷைத் தேர்ச்சி ஆகியவற்றுக்குப் புள்ளி இட்டு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறை 1967-ல்தான் வந்தது. 1983-ம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் அங்குச் சென்று நிலைபெற்றனர். 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' என்னும் இப்போதைய ஏற்பாடு 2015-ல் தொடங்கியது. முன்னோர் பட்ட அவமானத்தின்மேல் நிற்கும் உரிமையை நாம் அசட்டையாகக் கையாளலாகாது.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

தேதியும் நோக்கமும்

விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டதும் நிரந்தர வாச உறுதிப் பத்திரம் ஒன்று வருகிறது. பாஸ்போர்ட்டில் விசாவும் ஒட்டப்படுகிறது. அப்பத்திரத்திற் கண்ட கெடு முடியுமுன் கனடாவுக்குட் சென்றாக வேண்டும். வைத்தியப் பரிசோதனை ஒரு வருஷத்துக்கே செல்லுபடியாவதால் பெரும்பாலும் அதனையும், பாஸ்போர்ட்டின் ஆயுளையும் ஒட்டியே கெடு அமையும். சாதாரணமாக அதை நீட்டித்துத் தரமாட்டார்கள். தங்கை கலியாணம், புது வீட்டுக் கிருகப்பிரவேசம், ஆலையில் உற்பத்தி அவசரம் என்று காரணம் சொல்லிப் பயனில்லை. கெடுவின் கடைசி வாரத்துக்கு டிக்கெட் வாங்குவோர் ஒரு ஜுரத்தினாலோ விமானம் ரத்தாவதாலோ அனைத்தையும் இழக்கக்கூடும். ஒரு மாதமேனும் இடைவெளி வைத்துப் புறப்படுவதே விவேகம்.

மூல விண்ணப்பதாரர் முதலிற் செல்ல வேண்டும். அல்லது குடும்பத்தோடு சேர்ந்து செல்ல வேண்டும். மனைவி மக்களை முன்னே அனுப்பித் தாம் பின்னே செல்லுதல் கூடாது.

இதனினும் முக்கியமானது நோக்கம். நிரந்தரமாக வசிக்கும் பொருட்டே வந்திருக்கிறார் என்பது 2002 முதல் அமலிலுள்ள அத்தேசத்துக் குடியேற்றச் சட்டத்தின் நிபந்தனை. ஆகையால் எல்லையில் உத்தியோகஸ்தர் கேட்கும்போது உண்மையையே சொல்லவேண்டும். 'வேலையை முறைப்படி விட்டு, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொண்டு இன்ன காலத்தில் குடியேற வருவேன்' என்பது குற்றமுள்ள சொல் அன்று. அப்படித் திரும்பிச் செல்வது சகஜமே. கேட்டதற்கு மாறாகச் சொல்வதுதான் ஆபத்து. ஒரு மாகாணத்தின் சிபாரிசினால் உரிமை பெற்றவர் அம்மாகாணத்தில் வசிக்கும் எண்ணம் உடையவராக இருத்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசாவிலும் முதற் பிரவேசத்துக்கு ஒரு தேதி குறிக்கப்படுவதுண்டு. அங்கே செல்வோரும் தங்கள் அனுமதிக் கடிதத்தில் அதனைத் தேடிப் பார்த்துக்கொள்க.

பெயரும் பத்திரங்களும்

நம் எல்லைப்புறத்தாருக்கு இது தனிக் கஷ்டம். பிள்ளை பெங்களூர் ஆஸ்பத்திரியிற் பிறந்திருப்பான். பிறப்புப் பத்திரம் கர்நாடகத்தில் பதிவானது. படித்தது ஓசூரில், மார்க்குப் பத்திரம் தமிழ்நாட்டில் ஆனது. முனிரத்தினம் என்னும் ஒரே பெயர் ஒரு கச்சேரியில் ஓர் ஆங்கில எழுத்து மிகுந்தும், மற்றொரு கச்சேரியில் ஓரெழுத்துக் குறைந்தும் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பின், கனடாவின் பத்திரங்களில் அது குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் விழும். இயற்பெயர்க் கட்டம் காலியாக நிற்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் விமான டிக்கெட்டும், வங்கிக் கணக்கும், பிற்பாடு வாங்கும் எல்லாப் பத்திரமும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்க வேண்டும்.

உறுதிப் பத்திரம் கைக்கு வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, பால், பிறந்த ஊர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும். பிழையிருப்பின் பிரயாணத்துக்கு முன்னரே எழுதித் தெரிவிக்கலாம். அல்லது எல்லையில் கையொப்பமிடுமுன் உத்தியோகஸ்தரிடம் காட்டலாம். கையொப்பமிட்டபின் திருத்துவது பெரும் பாடு. மூலப் பத்திரங்களைப் பெட்டியில் இடாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. நகல் ஒரு தொகுதி வீட்டிலும் இருக்கட்டும்.

விவாகமும் பிரசவமும்

தாய்மார்களும், பெண்ணைக் கொடுக்க வரன் தேடும் பெரியோர்களும் இப்பகுதியைக் கவனித்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

விண்ணப்பித்த நாளுக்கும் முதற் பிரவேச நாளுக்கும் இடையில் ஒருவருக்கு விவாகம் நடந்தாலும், குழந்தை பிறந்தாலும், அதை அத்தேசத்துக் குடியேற்ற இலாகாவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவித்தால் மனைவிக்கும் வைத்தியப் பரிசோதனை முதலியன நடந்து, காரியம் சில மாதம் தாமதமாகும். புதுப் பத்திரம் வரும்வரை பிரயாணம் செய்யலாகாது. இத்தாமதத்துக்கு அஞ்சி, 'விவாகம் நடந்ததை இப்போது சொல்ல வேண்டாம், போய் வந்தபின் மனைவியை அழைத்துக்கொள்ளலாம்' என்று கருதுவோர் உண்டு. அது பெருந் தவறு. பிரவேசத்தின்போது மறைக்கப்பட்ட மனைவியையோ மகவையோ பின்னர்க் குடும்ப முறையில் அழைக்க அத்தேசத்து விதி இடங்கொடுப்பதில்லை. 2019-ல் சிலருக்குத் தற்காலிகமான ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. சலுகை என்பது எப்போது வேண்டுமாயினும் நீங்கக்கூடியது. அதை நம்பி ஒரு பெண்ணின் வாழ்வை வைத்தல் தகாது. மேலும், பொய்யுரைத்துப் பெற்ற உரிமை பின்னொரு நாள் பறிபோகவுங் கூடும்.

இனி, விவாகமாகாத வாலிபன் போய் இறங்கித் திரும்பி வந்து, ஓசூரிலேயே உத்தியோகம் பார்த்துக்கொண்டு விவாகம் செய்துகொள்கிறான் என வைத்துக்கொள்வோம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் நிரந்தரவாசி மட்டுமாக இருப்பவன் கனடாவில் வசித்துக்கொண்டுதான் மனைவிக்காக விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. அச்சலுகை அத்தேசத்துப் பிரஜைகளுக்கே உண்டு. ஆகவே அவன் முன்னே சென்று குடியேற வேண்டும், பிறகு மனு, பிறகு காத்திருத்தல். அதுவரை மணப்பெண் தாய்வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருக்க நேரலாம்.

கர்ப்பவதியாக உள்ள ஒரு சகோதரி கணவனோடு சென்று இறங்கி, பிரசவத்துக்காகத் தாய்வீடு திரும்பினால், இங்குப் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரின் உரிமை தானாக வாராது. அக்குழந்தைக்கும் தனியே மனுச் செய்யவேண்டும். பிரசவத்துக்குப் பின் குழந்தையையும் சேர்த்துத் தெரிவித்துவிட்டுச் செல்வதா, முன்னே செல்வதா என்பதை, பத்திரத்தின் கெடுவையும் டாக்டரின் யோசனையையும் வைத்துத் தீர்மானித்தல் வேண்டும்.

நம் குலத்து ஜாதகப் பரிவர்த்தனைகளில் 'பி.ஆர். உள்ள வரன்' என்ற சொல் இப்போது மிகவும் மதிப்புப் பெற்றிருக்கிறது. பொருத்தம் பத்தும் பார்க்கும் பெண் வீட்டார் மூன்று கேள்விகளையும் தவறாமற் கேட்கட்டும்: 'முதற் பிரவேசம் ஆயிற்றா? ஆயின் எத்தேதியில்? பெண்ணை எப்போது, எம்முறையில் அழைப்பதாக உத்தேசம்?' இதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. பிள்ளை வீட்டாரும் கேட்குமுன் தாமே சொல்வது நம் குலத்துக்குப் பெருமை.

நகையும் சாமான்களும்

குடியேறுவோர் தமது உடைமைகளைச் சுங்கமின்றிக் கொண்டுசெல்ல அத்தேசம் அனுமதிக்கிறது. முதற் பிரவேசத்தின்போது பி.எஸ்.எஃப். 186 என்னும் பாரத்தில் இரண்டு ஜாபிதாக்கள் கொடுக்க வேண்டும். ஒன்று, இப்போது உடன் கொண்டுவந்தவை. மற்றொன்று, பின்னர் வரப்போகிறவை. பத்து நாளைக்குப் போகிறோமே என்று இரண்டாம் ஜாபிதாவை விட்டுவிடுவோர் பலர். குடியேறும்போது கொண்டுசெல்லும் பாத்திரம், பட்டுப்புடவை, நகை, வீணை யாவற்றையும் இப்போதே அதில் எழுதி முத்திரை பெற்றுப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிரவேச தினத்துக்கு முன்னரே நம் உடைமையாகி நம் உபயோகத்தில் இருந்த பொருளுக்கே இச்சலுகை பெரும்பாலும் செல்லும்.

நகைகளுக்குப் போட்டோவும், எடையும், மதிப்பீட்டுச் சீட்டும் அவசியம். 'தங்க வளையல் நான்கு' என்று எழுதினாற் போதாது. முதற் பிரயாணத்திலேயே விலையுயர்ந்த நகைகளைப் பூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். தாலியும் சில ஆபரணமும் போதும். அதிகம் கொண்டுசெல்லத்தான் வேண்டுமெனில், புறப்படுமுன் தேவனஹள்ளி விமான நிலையத்திலுள்ள சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்க. அஃதில்லாவிடில், திரும்பி வரும்போது நம் பாட்டி போட்ட அட்டிகைக்கே நாம் கணக்குச் சொல்ல நேரும்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தின் மீதுள்ள அபிமானத்தினாலே பெட்டியில் ஒளித்துக்கொண்டு போகவேண்டாம். பழம், விதை, செடி, நெய், மாமிசம் முதலிய எதுவாயினும் சுங்கச் சீட்டிற் சொல்லியாக வேண்டும். சொல்லாது அகப்பட்டால் அபராதம். ஊறுகாயும் பொடி வகையும் கொண்டுபோவோர் அவற்றையும் சொல்லிவிடுக. மருந்து உட்கொள்வோர் டாக்டரின் சீட்டோடு மூல டப்பியிலேயே எடுத்துச் செல்க. 90 நாளுக்கு மேற்பட்ட அளவு கூடாது.

பணம்

குடியேறுவோர் கையிருப்புக் காட்டவேண்டிய வகுப்பினராயின், வங்கிக் கடிதத்தைப் புதிதாக வாங்கி உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். நம் தேசத்து விதிப்படி ஒரு பிரயாணத்தில் 3,000 அமெரிக்க டாலர் வரையே நோட்டாக எடுத்துச் செல்லலாம். மற்றதை வங்கி மூலமோ பிரயாணக் கார்டிலோ கொண்டுபோக வேண்டும். கனடாவில் 10,000 டாலரும் அதற்கு மேலும் கொண்டுவருவோர் அதை எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதிக் கொடுத்தால் வரியில்லை. மறைத்தால் பணமே பறிமுதலாகலாம். முதற் பிரயாணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கிக் கையிருப்பாகக் காட்டுவது சட்டத்துக்கும் பொருந்தாது, குடும்பத்துக்கும் நன்றன்று.

விலாசமும் கார்டும்

எல்லையில் உத்தியோகஸ்தர் ஒரு கனடா விலாசம் கேட்பார். நிரந்தரவாசிக் கார்டு அவ்விலாசத்துக்கே தபாலில் வரும். தேசத்துக்கு வெளியே அனுப்பமாட்டார்கள். 180 நாளுக்குள் விலாசம் கொடாதவர் கட்டணம் செலுத்திப் புதிதாக மனுச் செய்ய நேரும். கார்டு வருமுன் நாம் ஊர் திரும்பிவிடுவோம். ஆதலின் அதைப் பெற்றுப் பத்திரமாக நமக்கு அனுப்பத்தக்க நம்பகமான ஒருவர் அங்கே வேண்டும். கார்டு இன்றி விமானத்தில் மீண்டும் கனடா செல்ல இயலாது. அவசியமாயின் பிரயாணப் பத்திரம் என்று வேறொன்று வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்துப் பெறவேண்டும். அதற்குக் காலமும் செலவும் ஆகும்.

அங்கே செய்யத்தக்கன

பத்து நாளை நயாகரா நீர்வீழ்ச்சி பார்ப்பதிலேயே கழித்துவிடலாகாது. நயாகராவுக்கு ஒரு நாள் போதும். 'சின்' எனப்படும் சமூகக் காப்பு எண்ணைப் பெறுதல் முதல் வேலை, அதற்குக் கட்டணமில்லை. இரண்டாவது, வங்கியில் கணக்குத் திறத்தல். மூன்றாவது, தம் தொழிலுக்கு லைசென்ஸு வேண்டுமா என்று விசாரித்தல். என்ஜினீயர் என்று பெயர் போட்டுக்கொள்வதற்கே அங்கு மாகாணச் சங்கத்தின் அனுமதி வேண்டும். நான்காவது, வாடகையும் பள்ளிக்கூடமும் வேலையும் எப்படியிருக்கின்றன என்று நேரிற் காணுதல். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட விவரத்தை இங்கேயே டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிச் செல்க. கார் ஓட்டுவோர் தமது அனுபவ வருஷங்களைக் குறித்து ஓசூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற் சான்று பெற்றால் பிற்பாடு உதவும்.

வைத்தியத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. நிரந்தரவாசியாகி இறங்கிய கணமே எல்லா வைத்தியமும் இலவசம் என்பது சரியன்று. வைத்தியக் காப்பு மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஒன்டாரியோவில் காத்திருக்கும் காலம் 2020-ல் நீக்கப்பட்டதெனினும், அங்கேயே வீடு வைத்து வருஷத்தில் 153 நாளேனும் வசிப்பவர்க்கே அது உரியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இம்முதற் பிரயாணத்துக்குப் பிரயாண இன்ஷூரன்ஸு வாங்கியே புறப்படவேண்டும். அவ்வாறே குழந்தைகளுக்குத் தரப்படும் உதவித் தொகையும் அங்கு வசிப்போருக்கே உரியது. விண்ணப்பித்துவிட்டு ஓசூரில் இருந்துகொண்டு வாங்குவது பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமாகும்.

மார்கழி, தை மாதங்களிற் செல்வோர் ஓசூர்ப் பனியை நினைத்துக் கம்பளியை அளவிட வேண்டாம். தண்ணீர் கல்லாய் உறையும் குளிர் அது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வைகாசி முதல் புரட்டாசி வரை உள்ள காலமே நன்று.

நாட் கணக்கு

ஐந்து வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும் என்பது நிரந்தரவாசியின் கடமை. ஐந்து வருஷத்துக்கு 1,825 நாள்; அதில் 730 போக, வெளியே இருக்கக்கூடியது 1,095 நாள். முதற் பிரவேச தினத்திலிருந்தே இக்கணக்கு ஓடத் தொடங்குகிறது. பதினைந்து நாள் இருந்து திரும்பியவர் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்குள் சென்று நிலையாகக் குடியேறாவிடில் உரிமை ஆபத்துக்குள்ளாகும். 'கார்டுதான் ஐந்து வருஷம் இருக்கிறதே' என்று எண்ணுவது பிழை. கார்டு அடையாளமே தவிர உரிமையின் கணக்கு அன்று. சென்ற தேதி, வந்த தேதி இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருக.

வீட்டுக் காரியங்கள்

நிரந்தரவாசியானவர் இந்தியப் பிரஜையாகவே இருக்கிறார். பாஸ்போர்ட்டும் வோட்டும் போய்விடுவதில்லை. அயல்நாட்டுப் பிரஜையானாலன்றி நம் பிரஜா உரிமை நீங்காது. ஆகையால் முதற் பிரயாணத்துக்கு முன்பே நிலத்தை விற்பதும் வேலையை ராஜினாமா செய்வதும் அவசியமில்லை. போய்ப் பார்த்து வந்து, பெற்றோருடன் கலந்து யோசித்துப் பின் முடிவு செய்யட்டும். உத்தியோகத்துக்காக நிலையாய்ச் செல்லும்போது வங்கிக் கணக்குகளை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவதும், நிலம் வீடு பார்த்துக்கொள்ள நம்பிக்கையானவருக்கு ரிஜிஸ்தர் செய்த அதிகாரப் பத்திரம் கொடுப்பதும், தாய் தந்தையருக்கு வைத்திய இன்ஷூரன்ஸு எடுத்து வைப்பதும் வேண்டும்.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்கு உரிமை வந்த செய்தி கேட்டுத் தெருவெல்லாம் இனிப்பு வழங்கிய தாயே, இரவில் தூக்கமின்றிக் கிடக்கிறாள். அவளிடம், 'பத்து நாளில் வந்துவிடுவேன்' என்று சொல்வது மட்டும் போதாது. அதன் பிறகு என்ன என்பதையும் சொல்லவேண்டும். எந்த வருஷம் குடியேறப் போகிறான், தந்தைக்கு நோய் வந்தால் யார் அருகிருப்பார், தம்பி தங்கையர் பொறுப்பு யாருக்கு என்பவற்றை விமானம் ஏறுமுன் குடும்பம் கூடிப் பேசுவது நலம். சிறு பிரயாணத்தின் பெரும் பிரயோஜனம் இதுவே: நிலையான பிரிவு வருமுன் அதை ஒருமுறை அளந்து பார்க்கக் கிடைத்த அவகாசம் அது.

சங்கத்தின் கடமை

முடிவாக நம் சங்கத்தாருக்கு ஒரு விக்ஞாபனம். டொரான்டோவில் உறவினர் உள்ளவனுக்கு விலாசமும் படுக்கையும் எளிதிற் கிடைக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஒரு கூலிக்காரரின் மகன், நம் கல்வி நிதியாற் படித்தவன், தன் வீட்டில் முதன்முதலாகப் பாஸ்போர்ட்டு எடுத்தவன். அவனுக்கு யார் இருக்கிறார்? அத்தகையோருக்காக, கடல் கடந்து வசிக்கும் நம்மவர்களில் விருப்பமுள்ளோரின் பெயர்களைச் சங்கம் ஒரு ரிஜிஸ்தரில் குறித்து வைக்கலாம். அனுபவம் உள்ளோர் மாதம் ஒருமுறை கூடிப் பத்திரங்களைப் பார்த்து யோசனை சொல்லலாம். இதற்குக் கூலி வாங்குதல் கூடாது. இடைத்தரகர் புகவும் இடங்கொடுத்தல் ஆகாது. இவ்வுதவியை நம் குலத்தார்க்கென்று மட்டும் வரையறுக்காமல், சங்கத்தின் வாயிற்படி ஏறி வரும் எவர்க்கும் செய்வோமாயின், பல பாஷையினரும் கூடி வாழும் இவ்வூரில் நம் பெயர் நன்கு விளங்கும்.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். பிரயாணத்துக்கு முன் அத்தேசத்து அரசாங்கத்தின் அறிவிப்பை நேரிற் படித்து ஒப்புநோக்கிக்கொள்ளுமாறு வாலிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செல்லும் பிள்ளைகள் சுகமாய்ச் சென்று, உண்மை பேசி, நற்பெயருடன் திரும்பி வருவார்களாக.